ஃபோர் வீல் டீசல் வண்டி கட்டுப்படியாகுமா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்று வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண்மை அலுவலருக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. விளைந்த நெல்லும், பிடித்த மீனும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காசு. போகிற வழியில் வண்டி தின்றது போக மீதிதான் நம் மடிக்கு வருகிறது. வயலில் மூட்டைக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பாடுபடுகிற நாம், சாலையில் நாளுக்கு இருநூறு ரூபாயைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

நம் பொன்னேரி வட்டாரத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். மேற்கே நெல்வயல். கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கும் கிழக்கே கடல். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் மீனவர் குப்பங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை தார்ச்சாலை இருக்கிறது. பாலத்தைத் தாண்டி அக்கரைக் குப்பங்களுக்குள் போனால் பல இடங்களில் கால் புதையும் மணல். கடல் சீறுகிற நாட்களில் கரையோரச் சாலை மேலும் மணல் ஏறிக்கொள்ளும். ஆக, நம் ஊரில் தாரும் உண்டு, மணலும் உண்டு. இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

குப்பங்களுக்குப் போகும்போது என்னிடம் பலரும் கேட்கிற கேள்வி இது: "என்ன சார், டீசல் வண்டின்னா செலவு கம்மின்னு சொல்றாங்க. நாலு சக்கரமும் இழுக்கற வண்டின்னா மணல்ல மாட்டாது. ரெண்டும் ஒண்ணா கிடைக்குது. நகையை வெச்சாவது ஒண்ணு வாங்கிடலாமா சார்?"

நல்ல கேள்வி. ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. டீசல் என்பது ஒன்று. நாலு சக்கர இழுவை, அதாவது ஃபோர் வீல் டிரைவ் என்பது மற்றொன்று. டீசல் மிச்சம் பிடிக்கும். ஃபோர் வீல் செலவு செய்யும். ஒரு கை கொடுப்பதை மறு கை எவ்வளவு வாங்கிக் கொள்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

டீசலில் என்ன விசேஷம்?

முதலில் டீசலின் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம் எடை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். அளவு ஒன்றுதான், சரக்கு அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் எட்டுப் பங்கு சூடு கிடைக்கிறது என்றால், ஒரு லிட்டர் டீசலில் ஒன்பது பங்கு கிடைக்கும்.

அந்தச் சூட்டை வேலையாக மாற்றுவதிலும் டீசல் எஞ்சின் கெட்டிக்காரத்தனமானது. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் பத்தில் ஒரு பங்காக அமுக்கி, பிளக்கில் பொறி வைத்துக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சின் வெறும் காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்குகிற வேகத்திலேயே காற்று கொதித்துப் போகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்குச் சூடு வீணாகாமல் வேலையாகும். 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, எரிபொருளின் சக்தியில் 26 சதவீதம் வேலையாக மாறியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் இந்த அளவை எட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் வண்டி மெதுவாகப் போகும்போது காற்று வரும் வழியைப் பாதி மூடிக்கொண்டு மூச்சு முட்டித்தான் ஓடும். டீசல் எஞ்சினுக்கு அந்தத் திணறல் இல்லை. காற்றைத் தாராளமாக இழுத்துக்கொண்டு, டீசலை மட்டும் குறைத்துக் கொள்ளும். ஆகவே சந்தை நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் டீசல் எஞ்சின் சிக்கனமாக இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல அத்தாட்சி சொல்கிறேன். 2017-ல் வந்த மாருதி டிசையர் காரைப் பாருங்கள். ஒரே கார், ஒரே உடம்பு. பெட்ரோல் எஞ்சின் வைத்தால் லிட்டருக்கு 22 கிலோ மீட்டர், டீசல் எஞ்சின் வைத்தால் 28.4 கிலோ மீட்டர் என்று ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனையில் வந்தது. அதாவது நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கு அதிகம். டீசல் மிச்சம் பிடிக்கும் என்று ஜனங்கள் சொல்வது பொய் இல்லை.

மிச்சத்தைத் தின்பது எது?

இப்போது அதே டீசல் எஞ்சினை ஃபோர் வீல் வண்டியில் வைத்துப் பார்ப்போம். 2020-ல் வந்த மகிந்திரா தார் டீசல் வண்டிக்கு அதே வகைச் சோதனையில் லிட்டருக்கு 15.2 கிலோ மீட்டர் என்று சொல்லப்பட்டது. டிசையர் பெட்ரோல் காரின் 22-ஐ விட இது எவ்வளவோ குறைவு. டீசல் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்று?

முதலில் எடை. டிசையர் ஒரு டன்னுக்குள் அடங்கும் கார். தார் ஒன்றரை டன்னுக்கும் மேல். ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் அந்த எடையைத் தள்ளித்தான் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது உருவம். கார் குனிந்து போகிற மாதிரி இருக்கிறது. ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காற்றில் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சரிசமமாக ஏறுவதில்லை. வர்க்கக் கணக்கில் ஏறுகிறது. 60 கிலோ மீட்டர் வேகத்தில் 100 பங்கு எதிர்ப்பு இருந்தால், 80 கிலோ மீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 178 பங்கு ஆகிவிடும். பாய்மரத்தை விரித்துக்கொண்டு எதிர்காற்றில் துடுப்புப் போடுவது எப்படி இருக்கும் என்று மீனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது டயர். மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்ற அகலமான, பெரிய பட்டன் டயர் தார்ச்சாலையில் அதிகம் உராயும்.

நான்காவது, வண்டிக்கு அடியில் இருக்கும் கூடுதல் சாமான்கள். முன் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்க ஒரு தனிப் பெட்டி, முன் அச்சில் ஒரு பல்சக்கரக் கூடு, அதற்கு ஒரு சுழல் தண்டு. நீங்கள் ஃபோர் வீல் போடாமல் ஓட்டினாலும், பல வண்டிகளில் இவற்றில் சில பாகங்கள் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சும்மா சுற்றுவதற்கும் டீசல் வேண்டும் அல்லவா?

எடைதான் பெரிய எதிரி என்பதற்கு இன்னொரு சான்று. 2023-ல் வந்த மாருதி ஜிம்னி வண்டி ஃபோர் வீல் டிரைவ்தான், ஆனால் பெட்ரோல். எடை ஒரு டன் 200 கிலோவை ஒட்டி. அதற்கு ஏ.ஆர்.ஏ.ஐ. கணக்கு, கையால் கியர் போடும் வண்டியில் 16.94. எடை குறைந்த பெட்ரோல் ஃபோர் வீல், எடை கூடிய டீசல் ஃபோர் வீலைத் தாண்டிவிட்டது பாருங்கள்!

ஒரு எச்சரிக்கை. இந்த எண்களெல்லாம் உருளை மேல் வண்டியை நிறுத்தி ஓட்டிச் சோதிப்பதில் வருபவை. அங்கே மணல் இல்லை, மீன் கூடை இல்லை, மீஞ்சூர் நெரிசல் இல்லை. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண்கள் உதவும். நம் வீட்டுக் கணக்கு எழுத உதவாது.

காலம் மாறியது, கணக்கும் மாறியது

அப்படியானால் நம் பெரியவர்கள் ஏன் டீசல் ஜீப்பைக் கொண்டாடினார்கள்? அவர்கள் ஏமாந்துவிடவில்லை. அவர்கள் காலத்தில் அது சரியான கணக்கு.

1970, 80-களில் ஊரில் ஓடிய பெரிய கார் அம்பாசிடர். பெட்ரோல் அம்பாசிடர் லிட்டருக்கு 9, 10 கிலோ மீட்டர் கொடுத்தால் பெரிய காரியம். டீசல் ஜீப்பும் ஏறக்குறைய அதே அளவு ஓடியது. ஆனால் டீசல் விலை பெட்ரோலை விட எவ்வளவோ மலிவு. ஆகவே ஜீப் ஜெயித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு சாதாரணக் கார்கள் இலேசாக ஆரம்பித்தன, மைலேஜும் ஏறியது. ஆனாலும் டீசல் மலிவாக இருந்த வரை ஜீப்புக்குக் குறை வரவில்லை.

2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை கட்டுப்பாடு நீடித்தது. நடுவே 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். பிறகு இரண்டும் நெருங்கி வந்துவிட்டன. 2024 மார்ச் மாதம் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு, சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப 120 கிலோ மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 25 நாள் போனால் 3,000 கிலோ மீட்டர். ஃபோர் வீல் டீசல் வண்டி சாலையில் உண்மையாக 12 கிலோ மீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் கார் 17 கொடுக்கிறது என்றும் வைத்துக் கொள்வோம். ஃபோர் வீல் வண்டிக்கு 250 லிட்டர் டீசல். பெட்ரோல் காருக்கு 176 லிட்டர் சொச்சம்.

2012 டில்லி விலைப்படி, டீசல் வண்டிக்குச் செலவு 10,250 ரூபாய். பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ 12,900 ரூபாய். டீசல் ஃபோர் வீல் வண்டிதான் லாபம்.

2024 சென்னை விலைப்படி, டீசல் வண்டிக்கு 23,000 ரூபாய். பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ 17,800 ரூபாய். மாதம் 5,200 ரூபாய் நஷ்டம். வருஷத்துக்கு 60,000 ரூபாய்க்கு மேல்!

வண்டி மாறவில்லை. சாலை மாறவில்லை. மைலேஜும் மாறவில்லை. விலை வித்தியாசம் மட்டும் சுருங்கிவிட்டது. அப்பா காலத்துக் கணக்கை வைத்து இன்றைக்குக் கடன் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் எளிய வழி. இந்த விலை வித்தியாசம் இருக்கிற வரை, டீசல் வண்டியின் மைலேஜோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அதுதான் அதற்குச் சமமான பெட்ரோல் மைலேஜ். 12 கொடுக்கும் டீசல் வண்டி, செலவில் 13 கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்குச் சமம். பங்க்கில் விலை மாறினால், பெட்ரோல் விலையை டீசல் விலையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணால் டீசல் மைலேஜைப் பெருக்கினால் சரியான விடை வந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுக்கும்.

"அப்படின்னா சின்ன டீசல் காரே வாங்கிடலாமே" என்று தோன்றும். செலவில் அதுதான் எல்லாவற்றிலும் குறைவு. ஆனால் 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. அந்தக் கார் வேண்டுமானால் பழைய வண்டிதான். எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

மீனை ஏற்றினால்?

"சார், நாங்க ஆளா ஏத்தப் போறோம்? மீனு ஏத்தப் போறோம். கார் எங்களுக்கு எதுக்கு?" இதுவும் நியாயமான பேச்சு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரில் வியாபாரச் சரக்கு ஏற்றுவது சட்டப்படியும் சரியல்ல. ஆகவே சரக்கு ஏற்றுகிறவர்கள், லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு கிலோ மீனைச் சந்தை சேர்க்க எத்தனை பைசா என்று கேட்க வேண்டும்.

மூன்று டீசல் சரக்கு வண்டிகளை எடுத்துக் கொள்வோம். ஃபோர் வீல் பிக்கப் லிட்டருக்கு 10, சாதாரணப் பிக்கப் 12, நம் ஜனங்கள் குட்டி யானை என்று செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸ் 17 என்று வைத்துக் கொள்வோம். டீசல் 92 ரூபாய். 120 கிலோ மீட்டர் போய் வர ஃபோர் வீல் பிக்கப்புக்கு 1,104 ரூபாய், சாதாரணப் பிக்கப்புக்கு 920 ரூபாய், குட்டி யானைக்குச் சுமார் 650 ரூபாய்.

மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே 250 கிலோ மீன் என்றால் வண்டியில் ஏறுவது 500 கிலோ. அப்படிப் போனால் ஒரு கிலோ மீனுக்கு ஃபோர் வீல் வண்டியில் 4 ரூபாய் 42 காசு, சாதாரணப் பிக்கப்பில் 3 ரூபாய் 68 காசு, குட்டி யானையில் 2 ரூபாய் 60 காசு.

அதுவே 600 கிலோ மீன் கிடைத்தால்? ஐஸோடு 1,200 கிலோ. பிக்கப் ஒரே நடையில் கொண்டு போகும். சாதாரணப் பிக்கப்பில் கிலோவுக்கு 1 ரூபாய் 53 காசு, ஃபோர் வீலில் 1 ரூபாய் 84 காசு. குட்டி யானை இரண்டு நடை அடிக்க வேண்டும். கிலோவுக்கு 2 ரூபாய் 17 காசு ஆகிவிடும். ஐஸைக் குறைத்து ஒரே நடையில் அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். டீசலில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு மீன் விலையில் போய்விடும்.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, வண்டி பெரிதா சிறிதா என்பதை உங்கள் பாடு தீர்மானிக்க வேண்டும். ஆசை தீர்மானிக்கக் கூடாது. இரண்டு, எந்த வண்டியானாலும் பாதி காலியாக ஓடினால் நஷ்டம். பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று பாடு முறை வைத்துப் பங்கிட்டு வாழ்ந்த ஊர்கள் நம் ஊர்கள். ஏரியைப் பங்கு போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வண்டியைப் பங்கு போடவா தெரியாது? நாலு வீட்டு மீன் ஒரே வண்டியில் ஏறினால், எந்தக் கம்பெனி எஞ்சினும் தர முடியாத மைலேஜ் அதில் கிடைக்கும்.

மணல் எத்தனை கிலோ மீட்டர்?

சரி, மணலுக்கு வருவோம். நல்ல தார்ச்சாலையில் 1,000 கிலோ எடையை உருட்டிக்கொண்டு போக 10 முதல் 15 கிலோ இழுப்பு போதும். தளர்ந்த மணலில் அதே எடைக்கு 200 கிலோவுக்கும் மேல் இழுப்பு வேண்டும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த இழுப்பை இரண்டு பின் சக்கரம் மட்டும் கொடுக்கப் பார்த்தால், சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். நாலு சக்கரமும் பகிர்ந்து இழுத்தால் வண்டி ஏறி வந்துவிடும். அங்கே ஃபோர் வீல் வண்டிக்கு ஈடு இணை கிடையாது. சிக்கி நின்று சக்கரம் சுற்றுகிற சாதாரண வண்டியின் மைலேஜ் பூஜ்யம்தானே!

ஆனால் கேள்வி என்னவென்றால், உங்கள் தினசரி ஓட்டத்தில் மணல் எத்தனை கிலோ மீட்டர், தார் எத்தனை கிலோ மீட்டர்? போக இரண்டு, வர இரண்டு என்று நாலு கிலோ மீட்டர் மணலுக்காக, 120 கிலோ மீட்டர் தார்ச்சாலையிலும் அந்தக் கூடுதல் எடையைச் சுமக்கிறோமா என்று பாருங்கள்.

மேலே சொன்ன கணக்கில் ஃபோர் வீல் பிக்கப்புக்கும் சாதாரணப் பிக்கப்புக்கும் எரிபொருளில் மட்டும் ஒரு நாள் வித்தியாசம் 184 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 4,600 ரூபாய். வாங்கும் விலையில் உள்ள வித்தியாசமும், அதற்கு வட்டியும் தனி. இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். குப்பத்திலிருந்து மீனைத் தார்ச்சாலை வரை டிராக்டரிலோ, படகில் ஏற்றி ஏரி வழியாகவோ கொண்டு வந்து சேர்க்க நாளுக்கு எவ்வளவு ஆகிறது? அது 184 ரூபாய்க்குள் அடங்கினால், சாதாரண வண்டியைத் தார்ச்சாலையோரம் நிறுத்திக் கொள்வதே லாபம். அதைவிட அதிகம் ஆகிறது, அல்லது நேரத்துக்குக் கிடைப்பதில்லை, வருஷம் முழுவதும் மணலில்தான் போக்குவரத்து என்றால், தாராளமாக ஃபோர் வீல் வண்டி வாங்கலாம். உங்களுக்காகத்தான் அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள்.

பைசாக் கணக்குக்கு அடங்காத ஒரு தேவையும் உண்டு. அடைமழையில் நடுராத்திரி ஒரு பிரசவ வலி என்றாலோ, பாம்புக்கடி என்றாலோ, மணலைத் தாண்டிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். புயல் நேரத்தில் வயதானவர்களை மேட்டுக்குக் கொண்டு வர வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமியைப் பார்த்த கரை இது. அந்த வேளையில் லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதற்காக ஒவ்வொரு வீடும் கடன்பட வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு ஃபோர் வீல் வண்டி, ஊர்ப் பொதுவில், எப்போதும் டாங்கில் டீசலோடு இருந்தால் போதும்.

வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஏற்கெனவே ஃபோர் வீல் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

தார்ச்சாலை ஏறியவுடன் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். வளைவில் திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்து கொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக் கொள்ளும். டீசலும் போகும், டயரும் போகும், பல்லும் போகும். முன் சக்கர மூடியில் பூட்டுத் திருகு உள்ள பழைய ஜீப் என்றால், அதையும் இறங்கித் திறந்து விடுங்கள். முன் அச்சு சும்மா சுற்றாது.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைப்பது நல்ல பழக்கம். டயர் தட்டையாகிப் பரந்து நிற்கும், வண்டி புதையாது. ஆனால் தாருக்கு வந்ததும் மறுபடி காற்றுப் பிடித்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு பொன்னேரி வரை ஓட்டினால் டீசல் அதிகம் குடிக்கும். டயர் சூடேறி வெடித்தாலும் வெடிக்கும். கையால் அடிக்கும் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

உப்புத் தண்ணீர் வண்டிக்கு விஷம். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் அடிச்சட்டத்தையும் பிரேக்கையும் அரிக்கும். துருப்பிடித்த பிரேக் காலை எடுத்த பிறகும் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுவது போலத்தான் இது. தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். சமதளத்தில் நியூட்ரலில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். சுலபமாக உருண்டால் சரி.

ஏலம் முடியும் வரை எஞ்சினை ஓட விட்டு நிற்காதீர்கள். சும்மா நிற்கும் டீசல் எஞ்சினும் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும்.

2020-க்குப் பிறகு வந்த டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. தினமும் குப்பத்துக்கும் கடைத்தெருவுக்குமாக இரண்டு கிலோ மீட்டர் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்து எச்சரித்தால், வண்டிப் புத்தகத்தில் சொல்லியபடி நல்ல சாலையில் கொஞ்ச நேரம் நிதான வேகத்தில் தொடர்ந்து ஓட்ட வேண்டும். குறுகிய ஓட்டம் மட்டுமே உள்ளவர்கள் புது டீசல் வண்டி வாங்கும் முன் இதையும் யோசியுங்கள்.

படகுக்கென்று வரி விலக்கில் கிடைக்கும் டீசலைச் சாலை வண்டியில் ஊற்றாதீர்கள். அது சட்ட விரோதம். மண்ணெண்ணெய் கலப்பதும் கூடவே கூடாது. ஊசித்துளை போன்ற முனை வழியாகப் பீய்ச்சும் பம்பு கெட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் மெக்கானிக் கடைக்குப் போய்விடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கடைசியாக ஒன்று. அரசாங்க ஜீப்புகளில் லாக் புத்தகம் என்று ஒன்று இருக்கும். எத்தனை கிலோ மீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் போட்டது என்று அதில் எழுத வேண்டும். நீங்களும் இரண்டு ரூல் நோட்டு ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். டாங்கை நிரப்புங்கள், மீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த தடவை மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று எழுதி வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் மைலேஜ். பக்கத்திலேயே எத்தனை கிலோ மீன், எத்தனை மூட்டை நெல் ஏற்றினோம் என்றும், அதில் மணல் எத்தனை கிலோ மீட்டர் என்றும் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால், அடுத்து எந்த வண்டி வாங்குவது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். இன்னும் வண்டி வாங்காதவர்கள், இப்போது கொடுக்கும் வாடகையையும் தூரத்தையும் எடையையும் எழுதி வாருங்கள். அதே கணக்குத்தான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் சிக்கனமானது. ஃபோர் வீல் உடம்பு அந்தச் சிக்கனத்தைத் தின்றுவிடும். முன்பு டீசல் மலிவாக இருந்ததால் அது வெளியே தெரியவில்லை, இப்போது தெரிகிறது. தினமும் மணலில் ஓடுகிறவர்களுக்கு ஃபோர் வீல் வண்டி தேவை. எப்போதாவது மணலில் இறங்குகிறவர்களுக்கு அது தினசரிச் செலவு. நகையை அடகுக்கடைக்குக் கொண்டு போகும் முன், நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். வீட்டுச் செலவைக் கட்டி மேய்ப்பவர்கள் அவர்கள்தானே! இந்தக் கணக்கும் அவர்களுக்குச் சுலபமாக வரும்.